ஆறு பங்கு மாம்பழம்

கோவில்பத்து, காரைக்கால்
11 பிப்ரவரி 2024

என்னங்க,

கவரைப் பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அடுத்த மேஜைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் "டீ வந்திருச்சு" என்று அனுப்புகிற காலத்தில் இவள் மஸ்கட்டுக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் எழுதுகிறாளே என்று. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

போனில் நம்மால் முடியவில்லை. முந்தாநாள் நீங்கள் கத்தினீர்கள், நான் கத்தினேன், நடுவில் உங்கள் அறையிலிருந்து யாரோ, "தங்கச்சி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு கதிரவா" என்றார். காஜா நஜ்முதீன் அண்ணன் குரல்தானே அது? ஆறு பேர் படுக்கிற அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட முடியாது. உங்கள் லீவில் தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பஸ்ஸில் போட்டதே போதும். கண்டக்டர் என் கட்சியில் சேர்ந்ததை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு ஏற்பாடு. கேஸ், கரண்ட், மழை, உங்கள் அக்கா வீட்டு விசேஷம் எல்லாம் வழக்கம்போல போனில். இந்த ஒரு விஷயம் மட்டும் கடிதத்தில். எழுதினால் குறுக்கே பேச முடியாது, பாருங்கள்.

டாக்டர் மங்கையர்க்கரசி சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. டெஸ்ட் ட்யூப் சிகிச்சையை இப்போதே ஆரம்பித்தால் ஏதோ கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இந்த நூற்றுப் பன்னிரண்டு கிலோவோடும் சர்க்கரையோடும் கரு தங்குவது கஷ்டம், தங்கினால் எனக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இரைப்பையைக் குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டால் உடம்பு இறங்கும், சர்க்கரையும் இறங்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கர்ப்பம் ஆகக்கூடாது. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று. வாய்ப்பு இன்னும் குறையும். இரண்டில் எது முதலில் என்று நாம் பேசி முடிவு செய்ய வேண்டும் என்றார்.

நாம் பேசவே இல்லை. வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் "பிள்ளை முதல்ல, உடம்பு அப்புறம்" என்று நீங்கள் அறிவித்துவிட்டீர்கள்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஞானசௌந்தரியை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? என்னைவிடக் கனத்த உடம்பு. போன வருஷம் அந்த ஆபரேஷன் செய்துகொண்டாள். நேற்று கோட்டுச்சேரியில் பஸ் கிளம்பிவிட்டது, அவள் பின்னாலேயே ஓடி ஏறினாள். ஓடினாள்ங்க! எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை. பொறாமை என்று நினைக்காதீர்கள், சந்தோஷம்.

சுகிர்தா


மஸ்கட்
3 மார்ச் 2024

அன்புள்ள சுகி,

கடிதம் வந்தது. தபால்காரன் கொடுத்ததும் அறையில் ஐந்து பேரும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள். குரல் காஜா அண்ணனுடையதேதான். உன் கட்சி அவர். ஆள் ஒன்றும் கெட்டவரில்லை, காதுதான் கூர்மை.

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தைந்து. இன்று பிறந்தாலே பிள்ளை காலேஜ் போகும்போது நான் கம்பு ஊன்றிக்கொண்டு ஃபீஸ் கட்டப் போவேன். இதில் இன்னும் ஒன்றரை வருஷம், அப்புறம் சிகிச்சை, அப்புறம் பத்து மாசம் என்று அடுக்கிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்பது? கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாகக் காத்திருக்கிறோம். கையில் இருக்கிற வாய்ப்பை விட்டுவிட்டு, வராமல் போகக்கூடிய ஒன்றுக்காக வயிற்றில் கத்தி வைத்துக்கொள்கிறேன் என்கிறாய்.

நீ குண்டாக இருக்கிறாய் என்று நான் என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? எனக்கு நீ இப்படி இருப்பதே போதும். ஞானசௌந்தரி ஓடினால் ஓடட்டும். நமக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறது? இவ்வளவு காலம் நின்று நிதானமாக அடுத்த பஸ்ஸில் போனவர்கள்தானே.

கோபமாக எழுதவில்லை. கோபமாகத் தெரிந்தால் அது என் கையெழுத்து.

கதிரவன்


கோவில்பத்து
2 ஏப்ரல் 2024

என்னங்க,

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நிஜம். ஆனால் ஒன்று கேட்கிறேன். வீடியோ காலில் நான் போனை எவ்வளவு உயரத்தில் பிடிப்பேன் என்று கவனித்திருக்கிறீர்களா? இரண்டு வருஷமாக உங்களுக்கு முகத்தை மட்டும்தான் காட்டுகிறேன். கழுத்துக்குக் கீழே இருப்பதை நீங்கள் லீவில்தான் பார்க்கிறீர்கள். நான் தினமும் பார்க்கிறேன்.

அடுத்த பஸ்ஸில் நிதானமாகப் போகிறேன் என்றா நினைத்தீர்கள்? அடுத்த பஸ்ஸிலும் மூன்று பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் எழுந்து நின்றுகொள்வார். ஒன்றும் சொல்லமாட்டார், மரியாதையாகத்தான் எழுந்திருப்பார். அந்த மரியாதை இருக்கிறதே, அதைவிட யாராவது திட்டிவிடலாம். ஆபீஸ் மாடியில் ரெக்கார்டு ரூம். ஏறினால் நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டும். கொலுவுக்குக் கூப்பிட்டால் போவதில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப ஆள் வேண்டும்.

வருஷா வருஷம் மாங்கனித் திருவிழாவில் என்ன நடக்கிறது, அதுவும் சொல்கிறேன். மாடியில் நின்று மாம்பழம் எறிகிறவர்கள் எல்லாம் வேண்டுதல் பலித்தவர்கள். தெருவில் முந்தானை ஏந்தி நிற்கிறவர்கள் இனிமேல் பிள்ளை வரம் கேட்கிறவர்கள். பதினான்கு வருஷமாக நான் தெருவில் நிற்கிறேன். போன வருஷம் யாரோ ஒரு அம்மா மேலே பார்த்து, "இந்த அக்காவுக்குப் போடுங்க, பாவம், ரொம்ப வருஷமா வருது" என்று கத்தினாள். நல்ல மனசோடுதான் கத்தினாள். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு உங்களிடம் "கூட்டம் ஜாஸ்தி, பழம் கிடைக்கல" என்று மட்டும் சொன்னேன்.

எனக்குப் பிள்ளை வேண்டும். உங்களைவிட ஒரு பிடி கூடவே வேண்டும். ஆனால் பிள்ளை வந்தால் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு முழங்கால் வேண்டாமா?

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டேன். ஜூலை முதல் வாரம் செய்யலாம் என்கிறார்கள். சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இருக்கிற ஒரே பயம் கத்தி இல்லை. ஆபரேஷன் செய்து, ஒன்றரை வருஷம் போய், பிள்ளையும் இல்லாமல் போய்விட்டால்? அறுபது வயசில் ஒருநாள் சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்கு நீங்கள் "அன்னிக்கே சொன்னேன்" என்பீர்கள். அதை என்னால் தாங்க முடியாது.

அப்படிச் சொல்லமாட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

சுகிர்தா


மஸ்கட்
5 மே 2024

அன்புள்ள சுகி,

காஜா அண்ணன் லீவில் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பேரீச்சம்பழம், தைலம், உனக்கு ஒரு கைக்கடிகாரம். பட்டையைத் தளர்த்திக்கொள்ளலாம். இறுக்கியும் கொள்ளலாம், நான் இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் வாங்கினேன், போதுமா?

இங்கே இப்போதே நெருப்பாகக் கொட்டுகிறது. ஏசி ரிப்பேருக்கு என் ஆட்கள் எட்டுப் பேரும் போதவில்லை. நானே மொட்டைமாடிகளில் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஏறும்போது எனக்கும் மூச்சு வாங்குகிறது, அது வேறு விஷயம்.

மாங்கனி அடுத்த மாசம். நீ தெருவில் நிற்கவே வேண்டாம். லோகா அக்காவிடம் சொல்லிவிட்டேன், சுரக்குடியிலிருந்து காலையிலேயே வந்துவிடும். கபடிக்காரி மாதிரி பாய்ந்து பிடித்துக்கொண்டு வரும். நீ சாப்பிட்டால் மட்டும் போதும்.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். காஜா அண்ணன் டாக்ஸி வந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

கதிரவன்


கோவில்பத்து
23 ஜூன் 2024

என்னங்க,

டாக்ஸி வந்தது மே மாசம். இப்போது ஜூன் முடியப்போகிறது. ரொம்ப நேரமாக நிற்கிற டாக்ஸி போலிருக்கிறது.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஜூலை நாலாம் தேதி. உங்கள் வரி இல்லாமலே சொல்லிவிட்டேன். பயந்துகொண்டே சொன்னேன், ஆனால் சொன்ன பிறகு ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம்தான். ஈரல் சுருங்க வேண்டுமாம். மோர், பருப்புத் தண்ணீர், டப்பாவில் வருகிற மாவைக் கரைத்து ஒரு பானம். இந்த நேரம் பார்த்து மாங்கனி! ஊரே மாம்பழ வாசனை. பஸ்ஸில் மாம்பழம், ஆபீஸில் மாம்பழம், ஃபைலைத் திறந்தால்கூட மாம்பழம். நான் மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மூக்கால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இது லோகா அண்ணியே நடித்துக் காட்டியது: பவழக்கால் சப்பரம் தெருவுக்குள் வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். மேலேயிருந்து மழையாகக் கொட்டுகிறது. இரண்டு காலேஜ் பையன்களுக்கு நடுவில் முழங்கையை விட்டு, ஒருத்தன் தோளைப் பிடித்து எம்பி, ஒரு ஒட்டு மாம்பழத்தை ஒற்றைக் கையால் பிடித்தார். அறுபது வயசு! அப்படியே வீட்டுக்கு ஓடிவந்து, "இந்தா, கழுவக்கூட வேணாம், இப்பவே கடி" என்று வாய்க்கு நேராக நீட்டினார்.

நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எல்லாம் கேட்டார். கன்னத்தில் கை வைத்தபடி, "வயித்தைச் சின்னதாக்கிட்டா பிள்ளை எங்கடி இருக்கும்?" என்றார். சோறு போகிற வயிறு வேறு, பிள்ளை தங்குகிற இடம் வேறு என்று ஆபரேஷன் காகிதத்தில் இருந்த படத்தைக் காட்டி விளக்கினேன். ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். "அப்ப இந்தப் பழத்தை யாரு திங்கிறது?" என்றார்.

"உங்க தம்பி திங்கட்டும் அண்ணி. பதினாலு வருஷமா நான் மட்டும்தானே தின்னுட்டிருக்கேன்" என்றேன்.

அண்ணி திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பழத்தை அவரே பேப்பரில் சுற்றினார். என்னோடு புதுச்சேரிக்கும் அவர்தான் வருகிறார்.

காஜா அண்ணன் நாளை கிளம்புகிறார். பார்சலில் கருவாடு, எள்ளுப்பொடி, அந்த மாம்பழம், இந்தக் கடிதம். பழம் உங்களுக்கு. உங்களுக்கு மட்டும். தின்றுவிட்டு, டாக்டரம்மா உங்களைச் செய்துகொள்ளச் சொன்ன பரிசோதனைக்குப் போங்கள். லீவு முடிகிறது என்று தள்ளிவிட்டீர்களே, அது.

சுகிர்தா


மஸ்கட்
26 ஜூன் 2024

சுகி,

பெரிய தப்பு நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு. யாருக்கு ஊரிலிருந்து எது வந்தாலும் ஆறு பங்கு. ஒற்றை முறுக்கு வந்தால்கூட உடைத்துத்தான் தின்போம். காஜா அண்ணன் பெட்டியைத் திறந்தார். மேலே மாம்பழம், கீழே கருவாடு, அதற்கும் கீழே உன் கடிதம். நான் டியூட்டி முடிந்து குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் தட்டில் ஆறு துண்டு. கருவாட்டு வாசனையோடு நன்றாகத்தான் இருந்தது. ஊர்ப் பழம், ஊர்ப் பழம் என்று எல்லாரும் தின்றோம். அதற்குப் பிறகுதான் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

"உங்களுக்கு மட்டும்" என்ற இடத்தைப் படித்ததும் திரும்பி ஓடிவந்தேன். "மாங்கனிப் பழம்டா அது! லோகா அக்கா பாய்ஞ்சு பிடிச்ச பழம்!" என்று கத்தினேன். சஃபியுல்லா கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான், அப்படியே வாயைத் திறந்தபடி நின்றான். அவனிடமிருந்து அதைப் பிடுங்கி, கழுவி, மிச்சத்தை நான் சப்பினேன். ஐந்து பேரும் சுற்றி நின்று மரியாதையாகப் பார்த்தார்கள். காஜா அண்ணன் மட்டும், "நானும் ஒரு துண்டு தின்னுட்டேனே கதிரவா, எனக்கு ஏற்கெனவே மூணு இருக்கேப்பா" என்று புலம்பினார்.

சிரித்துவிட்டாயா? இனிமேல் எழுதுவதற்குச் சிரிக்காதே.

டாக்ஸி எதுவும் நிற்கவில்லை. எனக்குத்தான் எழுத வரவில்லை. பிள்ளை முதலில், வயசாகிறது என்று நான் சொன்னதெல்லாம் நிஜம், ஆனால் முழு நிஜம் இல்லை. என் பயம் வேறு. நீ மேஜையில் படுத்து, மயக்க ஊசி போட்டு, எழுந்திருக்காமல் போய்விட்டால்? நான் இங்கே ஏதோ ஒரு மாடியில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருப்பேன், போன் வரும். அந்த போனை நினைத்தே ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பிள்ளையை முன்னால் நிறுத்தினேன். பிள்ளை இல்லாமல் இருந்துவிடுவேன், சுகி. பதினான்கு வருஷம் இருந்திருக்கிறேனே. நீ இல்லாமல் இருந்ததில்லை.

கீழே இருப்பது நீ கேட்ட வரி. தனியாக வெட்டி எடுத்து வைத்துக்கொள்.

நமக்குப் பிள்ளை பிறக்காமலே போனாலும், அதை உன் ஆபரேஷன் மேல் நான் ஒருநாளும் போடமாட்டேன். வாயால் சொல்லமாட்டேன், முகத்தாலும் காட்டமாட்டேன்.
கதிரவன், சுகிர்தாவின் கணவன்.

சஃபியுல்லா அவசர லீவில் ஊருக்குப் பறக்கிறான். நாலாம் தேதிக்கு முன்னால் உன் கையில் சேர்க்காவிட்டால் கொட்டையைப் பிடுங்கியது போல உயிரையும் பிடுங்குவேன் என்று சொல்லி அனுப்புகிறேன்.


கோவில்பத்து
21 ஜூலை 2024

என்னங்க,

எழுந்துவிட்டேன்! போனில் சொன்னதுதான், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

சஃபியுல்லா தம்பி புதுச்சேரிக்கே வந்துவிட்டார். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், வார்டு வாசலில் பெட்டியோடு நிற்கிறார். இன்னும் வீட்டுக்கே போகவில்லையாம். அண்ணிதான் கவரை வாங்கினார். என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அவர் படித்துவிட்டார், அது அவர் வழக்கம், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "எங்க வீட்டு ஆம்பளைங்க இப்படியெல்லாம் எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதுடி" என்றார்.

அந்த வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் மேஜையில் படுத்தேன். "முகத்தாலும் காட்டமாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் கேட்கவில்லை. நீங்களாகச் சேர்த்தது. அதற்காக எத்தனை சண்டையை வேண்டுமானாலும் மன்னித்துவிடுவேன். ஆனால் ஒன்று. இந்தப் பயத்தை அந்த பஸ்ஸிலேயே சொல்லியிருந்தால் கண்டக்டரும் உங்கள் பக்கம் வந்திருப்பார்.

இப்போது நாலு ஸ்பூன் ரசத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது. அண்ணி மாங்கொட்டைக் கதையைக் கேட்டதிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தையல் இருக்கிறது, என்னைச் சிரிக்க வைக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை.

பரிசோதனை?

சுகிர்தா


மஸ்கட்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள சுகி,

போனேன். மலையாளி டாக்டர். ரிசல்ட்டும் வந்துவிட்டது. உயிரணு எண்ணிக்கை குறைவு, இருப்பதும் சுறுசுறுப்பாக இல்லையாம். "நிங்களும் தடி குறைக்கணும்" என்றார். தொண்ணூற்றெட்டுக் கிலோ இருக்கிறேன். சிகரெட்டை நிறுத்தச் சொன்னார், ராத்திரி பிரியாணியை நிறுத்தச் சொன்னார். உனக்கு மட்டும்தான் வைத்தியம் என்று நாம் இவ்வளவு காலம் நினைத்தது எவ்வளவு தப்பு, பார். ஒருநாள் பூராவும் சுருண்டு கிடந்தேன். மறுநாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஷூ வாங்கினேன். கடற்கரை ரோட்டில் தினமும் நடக்கிறேன். இப்போது ஓடியும் பார்க்கிறேன். முன்னால் பஸ் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை. வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன். காஜா அண்ணன் வீட்டில் ஹஃபீஸா அக்கா உண்டாகியிருக்கிறார். பெரிய பையன் காலேஜில் இருக்கிறான். அண்ணன் வெட்கத்தில் போர்வையை விட்டு வெளியே வருவதில்லை. எல்லாம் அந்த மாம்பழம் செய்த வேலை என்று அடித்துச் சொல்கிறார்.

உனக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் வலித்தது.

கதிரவன்


கோவில்பத்து
20 அக்டோபர் 2024

என்னங்க,

வலித்தது. ஒளிக்கப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நம் பழம், அண்ணி பிடித்த பழம், யார் வீட்டுக்கோ போய்விட்டதே என்று பைத்தியம் மாதிரி அழுதேன். மூன்று நாள் ஹஃபீஸாவின் போனை நான் எடுக்கவில்லை. நாலாவது நாள் அவளே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். வாசலில் நின்றுகொண்டு, "அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன் சுகிர்தா, எனக்கே இது கூச்சமா இருக்கு. நீ பேசாம இருந்தா நான் எங்க போய்ச் சொல்லி அழுவேன்?" என்றாள். முப்பத்தொன்பது வயசில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அண்ணன் பழம் தின்றது ஜூன் கடைசியில் மஸ்கட்டில். இவளுக்கு நாள் தள்ளியது அதற்கு முந்தியே. மாம்பழத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! அவர் லீவில் வந்ததுதான் காரணம். "அவர்ட்ட சொல்லாதே, மாம்பழம்னே நெனச்சுக்கட்டும், பாவம்" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

உங்கள் ரிசல்ட்டைப் படித்தேன். நான் சந்தோஷப்படக் கூடாது. ஆனால் என் தலையிலிருந்து ஒரு பெரிய கூடையை யாரோ பாதி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது என் செய்தி. இருபத்திரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாக்கிவிட்டார். நீங்கள் மட்டும் படிக்க வேண்டியது: ஆறு மாசத்துக்கு ஒருதரம் இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்தது, இந்த மூன்று மாசமாக நாள் தவறாமல் வருகிறது. பதினெட்டு வயசில் இதற்குச் சலித்துக்கொண்டவளுக்கு, இப்போது காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு ஸ்வீட் சாப்பிட வேண்டும் போல இருந்தது. சாப்பிடவில்லை.

நேற்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

சுகிர்தா


மஸ்கட்
18 மே 2025

அன்புள்ள சுகி,

லீவு சாங்ஷன்! ஜூலையில் மாங்கனியன்று காலையில் திருச்சியில் இறங்குகிறேன். காஜா அண்ணனும் கூடவே. மகளுக்கு மூன்று மாசம் ஆகிறது, இன்னும் நேரில் பார்க்கவில்லை என்று தினமும் போட்டோவைக் காட்டி எங்களைப் படாதபாடு படுத்துகிறார்.

பதினாறு கிலோ குறைந்துவிட்டேன். சிகரெட் இல்லை. திரும்பவும் பரிசோதனை செய்தேன். மலையாளி டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார், "கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தமாம். நான் அறைக்கு ஓடியே வந்தேன்.

எனக்கு இப்போது ஒரே கவலை. நீ போனை இன்னும் உயரமாகவே பிடிக்கிறாய். முகம் மட்டும்தான் தெரிகிறது. வேண்டுமென்றே செய்கிறாய், தெரியும். கூட்டத்தில் உன்னை நான் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

கதிரவன்


கோவில்பத்து
9 ஜூலை 2025

என்னங்க,

இதைத் திருச்சிக்கு வருகிற கார் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயம் கடிதத்தில்தான் என்று சட்டம் போட்டவளே நான்தான்.

போன வாரம் டாக்டர் மங்கையர்க்கரசியிடம் போனேன். எடையைப் பார்த்துவிட்டு மிஷின் சரியாக இருக்கிறதா என்று நர்ஸைக் கேட்டார். எழுபத்து மூன்று. ஸ்கேன் பார்த்தார், ரத்தம் எடுத்தார். பொங்கல் கழித்து ஆரம்பிக்கலாம், ஆனால் வயசு வயசுதான், நடக்கவும் செய்யலாம், நடக்காமலும் போகலாம், பெரிதாக எதிர்பார்க்காதே என்றார். சரி டாக்டர் என்றேன். வெளியே வந்து பார்த்தால் எனக்கு அழுகை வரவில்லை. ஆசை இருக்கிறது, அப்படியே இருக்கிறது. பயம்தான் இல்லை. உங்கள் வரியை பர்ஸில் வைத்திருக்கிறேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன்.

இப்போது கவனமாகப் படியுங்கள். நாளைக்கு வீட்டுக்கு வராதீர்கள். நான் வீட்டில் இருக்கமாட்டேன். சப்பரம் போகிற தெருவில் காஜா அண்ணன் குடும்பத்துக் கடை இருக்கிறதே, மூன்று மாடி, அதன் மொட்டைமாடியில் இருப்பேன். சாவியை ஹஃபீஸா கொடுத்துவிட்டாள். "எங்க மாடி, உங்க பழம், ஏறி எறி" என்றாள். நேற்று ஒத்திகைக்கு ஏறிப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அண்ணிதான் வந்து மடக்கினார். "எறியறவங்கல்லாம் வேண்டுதல் பலிச்சவங்க. உனக்கு என்ன பலிச்சுதுன்னு எறியப் போறே?" என்றார். "மாடி ஏறிட்டேனே அண்ணி" என்றேன். அப்படியே கிளம்பிப் போனார். சாயங்காலம் சுரக்குடியிலிருந்து ஒரு கூடை ஒட்டு மாம்பழத்தோடு திரும்பி வந்தார்.

அதனால் நாளைக்கு நீங்கள் கீழே நில்லுங்கள். பதினான்கு வருஷம் நான் நின்ற இடம், டீக்கடைக்கு எதிரில். உங்களுக்கு முந்தானை இல்லை, தோளில் துண்டு இருக்குமே, அதை விரியுங்கள். யாராவது "இந்த அண்ணனுக்குப் போடுங்க, பாவம்" என்று கத்தினால் கூச்சப்படாதீர்கள். என்னை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டிய கஷ்டமும் வேண்டாம். பச்சைப் புடவை கட்டியிருப்பேன், முழுசாகத் தெரிவேன், உங்களைக் குறி பார்த்துத்தான் எறிவேன்.

பிடித்துவிடுங்கள். என்னால் இப்போது இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாது, மிச்சம் முழுக்க உங்களுக்கு. இந்தத் தடவை ஆறு பங்கு போடாதீர்கள்.

சுகிர்தா